மீட்டரை எங்கே வைத்தீர்கள்?

போன வாரம் நண்பர் ஒருவர் காணொளி ஒன்றை அனுப்பினார். சூரியனில் நடக்கிற அணுக்கரு இணைவைப் பூமியில் செய்து பார்க்கும் கருவி பற்றியது அது. செயற்கைச் சூரியன் தயார், இனி உலகத்துக்கு எரிபொருள் கவலையே கிடையாது என்பது அதன் சாரம். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "இதற்காவது சந்தோஷப்படுவாயா?" நான் பதிலுக்கு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். மீட்டரை எங்கே வைத்து அளந்தார்கள்? அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எதைக் காட்டினாலும் உனக்குச் சந்தேகம்தான், மனிதன் நிலவுக்குப் போனபோதும் இப்படிச் சிலர் இருந்தார்கள் என்றார். போனில் தட்டச்சு செய்து முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அணுக்கரு இணைவு மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் கரும்பலகையில் நான்கு சின்ன வட்டங்கள் போட்டு, இவை சேர்ந்து ஒன்றானால் எடை கொஞ்சம் குறையும், குறைந்துபோன அந்த எடைதான் நமக்கு வெயிலாக வந்து சேர்கிறது என்று சொன்ன நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து இது பூமியில் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். அந்த ஆசை இருப்பதால்தான் ஒவ்வொரு அறிவிப்பு வரும்போதும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறேன்.

2022 டிசம்பர் 5. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில், லேசரால் இணைவை உண்டாக்கிப் பார்க்கும் என்ஐஎஃப் கூடத்தில் 192 லேசர் கற்றைகள் விரல் நுனி அளவுள்ள ஓர் உலோக உருளைக்குள் பாய்ந்தன. உருளைக்குள் சுமார் 2 மில்லிமீட்டர் குறுக்களவில் ஓர் உருண்டை, அதற்குள் ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் உறைந்த நிலையில். லேசர் கொடுத்தது 2.05 மெகாஜூல், இணைவில் கிடைத்தது 3.15 மெகாஜூல். எட்டு நாள் கழித்து அமெரிக்க எரிசக்தித் துறை வாஷிங்டனில் செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தது. போட்டதைவிட அதிகம் கிடைத்துவிட்டது என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன், கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

மறுநாள்தான் இன்னொரு எண் கண்ணில் பட்டது. அந்த 2.05 மெகாஜூல் லேசர் ஒளியை உண்டாக்க, மின்கம்பியிலிருந்து எடுத்துக்கொண்ட மின்சாரம் சுமார் 300 மெகாஜூல்.

நமக்குப் பழக்கமான யூனிட்டில் சொன்னால் இது சட்டென்று புரியும். ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். ஆக, அன்று கிடைத்தது ஒரு யூனிட்கூட இல்லை. அதைப் பெற ஏறக்குறைய 83 யூனிட் செலவு. லாபம் என்று சொல்லப்பட்ட அந்த 1.1 மெகாஜூலை வைத்து மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம், லேசருக்குப் போன மின்சாரத்தை வைத்துத் தொள்ளாயிரம் லிட்டருக்கு மேல் கொதிக்க வைக்கலாம். லேசர் ஒளி உருளைக்குள் நுழைகிற இடத்தில் மீட்டரை வைத்தால் லாபம். சுவரில் கரண்ட் வருகிற இடத்தில் வைத்தால் நூற்றில் ஒரு பங்குதான் திரும்பி வந்திருக்கிறது.

ஆய்வகம் இதை மறைக்கவில்லை, அன்றைய கூட்டத்திலேயே கேட்டவர்களுக்கு 300 மெகாஜூல் என்று சொன்னார்கள். அந்த லேசர்கள் பழைய தொழில்நுட்பம், இன்றைய லேசர்கள் பல மடங்கு சிக்கனமானவை என்பதும் உண்மை. இயற்பியலாகப் பார்த்தால் அது மகத்தான நாள். பற்றவைத்த எரிபொருள் தன் சூட்டிலேயே மேலும் எரிந்தது, ஆய்வுக்கூடம் ஒன்றில் அதற்குமுன் அந்த அளவுக்கு நடந்ததில்லை. 2009-இல் கட்டி முடித்து, 2012-க்குள் பற்றவைத்துவிடுவோம் என்று சொல்லி, அது நடக்காமல் போய், பத்து ஆண்டு விடாமல் மல்லுக்கட்டி ஜெயித்தவர்கள் அவர்கள். அந்த உழைப்பைக் குறைத்துப் பேசுகிறவன் மேல் எனக்கே கோபம் வரும். ஆனால் "பற்றவைத்துவிட்டோம்" என்பது வேறு, "மின்சாரப் பிரச்சினை தீர்ந்தது" என்பது வேறு. முதலாவதைச் செய்தவர்களின் தோளில் இரண்டாவதை ஏற்றி வைத்தது அறிவிப்பு மேடையும் தலைப்புச் செய்திகளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்ஐஎஃப் மின் நிலையத்துக்கு முன்மாதிரியாகக் கட்டப்பட்டதே இல்லை. அமெரிக்கா 1992-க்குப் பிறகு அணுகுண்டுகளை வெடித்துச் சோதிப்பதில்லை. வெடிக்காமலேயே கையிருப்பில் உள்ள குண்டுகளின் இயற்பியலைச் சரிபார்க்கத்தான் அந்தக் கூடம் எழுந்தது. மின் நிலையம் என்றால் இந்த மாதிரி உருண்டைகளை வினாடிக்குப் பத்து என்ற கணக்கில், ஒரு நாளைக்கு எட்டரை லட்சத்துக்கு மேல், பிசகாமல் சுட வேண்டியிருக்கும். என்ஐஎஃப் தோராயமாக ஒரு நாளைக்கு ஒன்று சுடுகிறது. 2025 ஏப்ரலில் 8.6 மெகாஜூல் வரை எடுத்துவிட்டார்கள், 2.08 மெகாஜூல் லேசர் ஒளிக்கு நான்கு மடங்குக்கு மேல், அபாரமான முன்னேற்றம். அப்போதும் சுவரிலிருந்து போனது அதே 300-தான்.

இதே ஆய்வகத்தில் மீட்டர் அதற்கு முன்பே ஒருமுறை இடம் மாறியிருக்கிறது. 2013 கடைசியிலும் 2014 தொடக்கத்திலும் "போட்டதைவிட அதிகம்" என்று இதே மாதிரி செய்தி வந்தது. அப்போது கிடைத்தது சுமார் 17 கிலோஜூல், லேசர் கொடுத்ததில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிறகு எப்படி லாபம்? எரிபொருளுக்குள் உண்மையில் போய்ச் சேர்ந்த சக்தி எவ்வளவு என்று கணக்கிட்டு, அதைவிட அதிகம் வந்தது என்றார்கள். மீட்டரை எரிபொருளின் தோலுக்கு உள்ளேயே வைத்துவிட்டார்கள். அறிவியல் கட்டுரையில் இது நியாயமான, பயனுள்ள அளவுதான். தலைப்புச் செய்தியில் அந்த விளக்கம் உதிர்ந்துபோய் "அதிகம்" என்ற சொல் மட்டும் தங்கிவிடுகிறது. 2014-இல் அதைப் படித்து நம்பிய ஒருவர் 2022-இல் அதே வாக்கியத்தை மறுபடி படித்தால் என்ன நினைப்பார்?

சரி, காந்த வகைக்கு வருவோம். வாகனச் சக்கரத்தின் ட்யூப் மாதிரி ஒரு வளையம், அதைச் சுற்றிக் காந்தங்கள், உள்ளே பத்துக் கோடி டிகிரிக்கு மேல் சூடேறி, எலக்ட்ரான்கள் பிரிந்துபோன வாயு, அதாவது பிளாஸ்மா. டோகாமாக் என்பார்கள். இங்கிலாந்தில் இருந்த ஜெட் என்ற டோகாமாக் 1997-இல் 24 மெகாவாட் சூடேற்றி 16 மெகாவாட் இணைவு சக்தி எடுத்தது, அதுவும் நொடிப்பொழுதுக்கு. 2023 அக்டோபரில் 69 மெகாஜூல் எடுத்து மொத்தச் சக்தியில் சாதனை படைத்தது, அதாவது 19 யூனிட். அந்த ஐந்தாறு வினாடி ஓட்டத்துக்கு உண்டான மின்சாரத்தைப் பொதுக் கம்பியிலிருந்து ஒரேயடியாக இழுத்தால் தாங்காது என்று, ஒவ்வொன்றும் 775 டன் எடையுள்ள இரண்டு சுழல்சக்கரங்களை முன்கூட்டியே சுழற்றிச் சக்தியைச் சேமித்து வைத்து ஓட்டினார்கள். அந்த வருடம் டிசம்பரோடு ஜெட் மூடப்பட்டது. அதன் ஆட்கள் இதை மின் நிலையம் என்று ஒருபோதும் சொன்னதில்லை.

அடுத்தது பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் கட்டிவரும் ஈட்டர் என்ற டோகாமாக். இது பற்றி எழுதும்போது எல்லோரும் "50 மெகாவாட் கொடுத்து 500 மெகாவாட் எடுக்கும்" என்கிறார்கள். பத்து மடங்கு! ஆனால் அந்த 50, பிளாஸ்மாவுக்குள் போய் விழுகிற வெப்பம் மட்டும். மொத்த நிலையத்துக்கும் தேவையான மின்சாரம் சாதாரண நேரத்தில் 110 மெகாவாட், பிளாஸ்மா ஓடும்போது உச்சத்தில் 620 மெகாவாட் வரை என்று ஈட்டரே சொல்கிறது. வெளியே வருகிற 500-ம் மின்சாரம் இல்லை, வெப்பம். அதைத் தண்ணீரில் ஏற்றி, நீராவியாக்கி, டர்பைனைச் சுழற்றினால் ஐந்தில் இரண்டு பங்கு மின்சாரமாகும், அதாவது சுமார் 200. ஈட்டரில் டர்பைனே கிடையாது. அது ஆராய்ச்சிக் கருவி, அந்த அளவில் அது நேர்மையான திட்டம். அதை ஏதோ மின் நிலையம் போலக் காட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

தேதிகளைப் பாருங்கள். 2006-இல் ஒப்பந்தம். முதல் பிளாஸ்மா 2016 என்றார்கள். பிறகு 2025 ஆனது. 2024 ஜூலையில் புதிய அட்டவணை வந்தது: ஆராய்ச்சி ஓட்டம் 2034-இல் தொடங்கும், உண்மையான எரிபொருளான டியூட்டீரியம்–டிரிட்டியம் 2039-இல். இன்று பள்ளிக்கூடத்தில் சேர்கிற பிள்ளை கல்லூரிக்குப் போயிருக்கும்.

நண்பர் அனுப்பிய காணொளிக்கு இப்போதுதான் வருகிறேன். அது சீனாவின் ஈஸ்ட் கருவி பற்றியது, 2025 ஜனவரியில் பிளாஸ்மாவை 1,066 வினாடி பிடித்து வைத்தார்கள். அடுத்த மாதமே பிரான்சின் வெஸ்ட் 1,337 வினாடி. இரண்டும் நிஜமான சாதனைகள், பொறியியலாகப் பார்த்தால் கைதட்ட வேண்டியவை. மின்தடையே இல்லாத மீக்கடத்திக் காந்தங்கள் தாக்குப்பிடித்தன, சுவர்கள் தாக்குப்பிடித்தன. ஆனால் அந்த ஓட்டங்களில் டிரிட்டியம் இல்லை. டிரிட்டியம் இல்லையென்றால் பேசத்தகுந்த இணைவு சக்தியும் இல்லை. அடுப்பில் பாத்திரம் கசியாமல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்திருக்கிறார்கள், சமைக்கவில்லை. காணொளியில் அந்த வித்தியாசம் ஒரு சொல்கூட இல்லை, "சூரியனைப் பூமிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்" என்றுதான் இருந்தது. டிரிட்டியத்தைக் கணிசமாக எரித்துப் பார்த்த காந்தக் கருவிகள் இதுவரை இரண்டே: அமெரிக்காவின் ப்ரின்ஸ்டனில் இருந்த டிஎஃப்டிஆர், அப்புறம் ஜெட்.

சூரியன் என்ற உவமையே ஒரு விதத்தில் தவறாக வழிநடத்துகிறது. சூரியனின் நடுமையத்தில் ஒரு கன மீட்டருக்குக் கிடைக்கிற சக்தி 300 வாட்டுக்கும் குறைவு. அதே அளவு மனித உடல் அதைவிட அதிக வெப்பத்தை வெளியிடும். சூரியன் அவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் அந்த மந்தமான எரிப்பு போதுமானதாக இருக்கிறது. நமக்கு அந்த வேகம் உதவாது. சூரியனின் மையம் ஒன்றரைக் கோடி டிகிரி, இங்கே அதைப்போலப் பத்து மடங்கு சூடு வேண்டும், வேறு எரிபொருள் வேண்டும். நாம் செய்யப் பார்ப்பது சூரியன் செய்யாத ஒன்று.

அறிவிப்புகளின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1951 மார்ச்சில் அர்ஜென்டினா அதிபர் பெரோன் உலகத்தை அதிரவைத்தார். ஹுவேமுல் என்ற தீவில் ரொனால்ட் ரிக்டர் என்பவர் இணைவைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார், இனி சக்தி பால் புட்டி மாதிரி விற்கப்படும் என்றார். அடுத்த வருடம் பால்சேரோ போன்ற இயற்பியலாளர்கள் அடங்கிய குழு போய்ப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. 1958 ஜனவரியில் இங்கிலாந்தின் ஜீட்டா என்ற இணைவுக் கருவி. இணைவு நடந்தால் வெளிவரும் துகள்களான நியூட்ரான்கள் வந்தன, அவை வெப்ப இணைவில்தான் பிறந்தன என்பதில் 90 சதவீதம் உறுதி என்றார் ஆய்வகத் தலைவர் ஜான் காக்ராஃப்ட். நோபல் பரிசு பெற்றவர், ஏமாற்றுக்காரர் இல்லை. ஆனால் அதே ஆய்வகத்துக்குள்ளேயே நியூட்ரான்களின் வேகத்தைத் திசைவாரியாக அளந்தபோது, அவை ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் வருவது தெரிந்தது. மொத்தப் பிளாஸ்மாவும் சூடாகி இணைந்திருந்தால் அப்படி வராது. சில அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்கள் மட்டும் எங்கோ முடுக்கிவிடப்பட்டு மோதியிருக்கின்றன. அந்த மே மாதமே கோரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். நேர்மையானவர்களும் தவறுவார்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆசை கொஞ்சம் கூடினாலும் மீட்டரில் நமக்குப் பிடித்த எண் தெரிய ஆரம்பித்துவிடும்.

1989 மார்ச் 23, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம். ஃபிளைஷ்மன், பான்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் சோதனைக் குழாயில், டியூட்டீரியம் கொண்ட கனநீரில் மூழ்கிய பல்லேடியம் தண்டில் இணைவு நடக்கிறது, வாட் கணக்கில் வெப்பம் வருகிறது என்று செய்தியாளர்களிடம் அறிவித்தார்கள். கட்டுரை வெளியாவதற்கு முன்பே செய்தியாளர் கூட்டம். இதைச் சரிபார்க்க ஒரு எளிய கணக்கு போதும். டியூட்டீரிய இணைவில் ஒரு வாட் வெப்பம் வந்தால் கூடவே வினாடிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி நியூட்ரான்கள் வர வேண்டும். அத்தனை நியூட்ரான் வந்திருந்தால் அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் உயிரோடு செய்தியாளர் கூட்டத்துக்குப் போயிருக்க முடியாது. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தன, சில வாரங்களிலேயே நம்பிக்கை சரிந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை இருக்கிறது, இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த கதை. 1968 ஆகஸ்டில் நோவோசிபிர்ஸ்கில் நடந்த மாநாட்டில் சோவியத் விஞ்ஞானி லெவ் ஆர்ட்சிமோவிச், மாஸ்கோவில் உள்ள டி-3 டோகாமாக்கில் ஒரு கோடி டிகிரியை எட்டியதாகச் சொன்னார். மேற்கத்திய நாட்டவர் நம்பவில்லை, நீங்கள் அளக்கும் முறை சரியில்லை என்றார்கள். ஆர்ட்சிமோவிச் கோபித்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தின் கல்ஹாம் ஆய்வகத்தாரிடம், லேசர் வைத்துப் பிளாஸ்மா வெப்பத்தை அளக்கும் கருவி உங்களிடம்தானே இருக்கிறது, கொண்டுவந்து நீங்களே அளந்து பாருங்கள் என்றார். பனிப்போரின் நடுவே, எதிர் முகாமைச் சேர்ந்தவர்கள் பெட்டி பெட்டியாகக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு மாஸ்கோ போனார்கள், குர்ச்சாட்டவ் நிறுவனத்தில் மாதக்கணக்கில் தங்கி அளந்தார்கள். 1969-இல் முடிவு வந்தது: ரஷ்யர்கள் சொன்னது சரி. உடனே உலகமே டோகாமாக்குக்கு மாறியது, ப்ரின்ஸ்டன்காரர்கள் தங்கள் சொந்தக் கருவியையே பிரித்து டோகாமாக்காக மாற்றிக்கொண்டார்கள். சந்தேகப்பட்டவனின் கையில் மீட்டரைக் கொடுத்தார்கள், அவன் அளந்து சொன்னான், விஷயம் முடிந்தது. இன்றைக்கு ஒரு நிறுவனம் சாதனை என்று அறிவித்தால் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

செய்திகளில் வராத ஒரு விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை, அது டிரிட்டியம். "கடல்நீரிலிருந்து எரிபொருள், தீரவே தீராது" என்று எழுதுகிறார்களே, அது டியூட்டீரியத்துக்குத்தான் பொருந்தும். டிரிட்டியம் இயற்கையில் கிட்டத்தட்டக் கிடையாது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் கரைந்துவிடும். உலகில் ஆராய்ச்சிக்கும் வணிகத்துக்கும் கிடைக்கிற இருப்பு சில பத்துக் கிலோதான், அதுவும் பெரும்பாலும் கனடாவின் கனநீர் அணுஉலைகளில் உபபொருளாகச் சேர்ந்தது. அணுவைப் பிளக்கும் பிளவு உலையின் தயவில் இணைவு! ஆனால் ஆயிரம் மெகாவாட் இணைவு வெப்பத்தை ஒரு வருடம் தொடர்ந்து எடுத்தால் 55 கிலோவுக்கு மேல் டிரிட்டியம் எரியும். ஆயிரம் மெகாவாட் மின்சாரம் என்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். அப்படியானால் உலை தன் எரிபொருளைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும். சுற்றிலும் லித்தியம் கொண்ட போர்வை ஒன்றைப் போர்த்தி, வெளியே பாயும் நியூட்ரான்களை அதில் மோதவிட்டால் டிரிட்டியம் உண்டாகும், காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் எரிந்த ஒவ்வொரு டிரிட்டிய அணுவுக்கும் ஒன்றுக்குச் சற்று அதிகமாகத் திரும்பக் கிடைக்க வேண்டும். ஒரு எரிப்பில் ஒரே ஒரு நியூட்ரான்தான் வருகிறது. குழாய்களிலும் ஜன்னல்களிலும் காந்தப் பக்கமும் போய் வீணாகிறதை ஈடுகட்டப் பெரிலியம், ஈயம் மாதிரிப் பொருட்களைச் சேர்த்து நியூட்ரானைப் பெருக்க வேண்டும், உண்டான டிரிட்டியத்தைச் சூடான உலோகத்திலிருந்து உடனுக்குடன் பிரித்தெடுக்க வேண்டும், அது எஃகுக்குள்ளேயே ஊடுருவிக் கசியக்கூடியது. இந்த முழுச் சுழற்சியையும் ஓடுகிற இணைவு உலையில் இதுவரை யாரும் செய்து காட்டியதில்லை. ஒருவரும் இல்லை. இது சில்லறை விஷயமா?

அந்த நியூட்ரான்களே இன்னொரு பிரச்சினை. இணைவில் கிடைக்கிற சக்தியில் ஐந்தில் நான்கு பங்கை அவைதான் சுமந்துகொண்டு வருகின்றன, பிளவில் பிறக்கும் நியூட்ரான்களைவிடப் பல மடங்கு சக்தி கொண்டவை. உலைச் சுவரின் அணுக்களை இடம் பெயர்த்து, உள்ளே ஹீலியம் குமிழிகளை உண்டாக்கி, எஃகை நொறுங்கும்படி ஆக்கிவிடும். எந்த உலோகம் எத்தனை வருடம் தாங்கும் என்று அளந்து பார்க்கத் தகுந்த நியூட்ரான் மூலமே இன்னும் தயாராகவில்லை, ஸ்பெயினின் கிரனாடாவில் அதற்கான நிலையம் இப்போதுதான் எழுந்துகொண்டிருக்கிறது. சுவரை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தெரியாமல் ஒரு யூனிட் என்ன விலைக்கு வரும் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் சொல்கிறார்கள்.

தனியார் நிறுவனங்கள். 2014-இல் லாக்ஹீட் மார்ட்டின், லாரியில் ஏற்றிவிடக்கூடிய இணைவு உலை பத்து ஆண்டில் என்று அறிவித்தது. பத்து ஆண்டு ஆகிவிட்டது, லாரியும் இல்லை உலையும் இல்லை. ஹீலியான் என்ற இணைவு நிறுவனம் 2024-இல் நிகர மின்சாரம் காட்டுவோம் என்று 2021-இல் சொன்னது. 2024 போய்விட்டது, காட்டவில்லை. இதற்கிடையே 2023-இல், 2028 முதல் மின்சாரம் தருகிறோம் என்று மைக்ரோசாஃப்டுடன் ஒப்பந்தமே போட்டுவிட்டார்கள். நடந்தால் முதலில் மகிழ்கிறவன் நான், ஆனால் ஒப்பந்தம் என்பது இயற்பியல் சான்று இல்லை. பலர் அதைச் சான்றாகவே எடுத்துக்காட்டுகிறார்கள். காமன்வெல்த் ஃபியூஷன் நிறுவனத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை அதிகம். 2021 செப்டம்பரில் 20 டெஸ்லா வலிமையுள்ள மீக்கடத்திக் காந்தத்தை இயக்கிக் காட்டினார்கள், கருவியின் வடிவமைப்பு விவரங்களை ஆய்விதழ்களில் எல்லோரும் பார்க்கப் போட்டார்கள். அவர்களின் ஸ்பார்க் கருவியும் 2025-இலிருந்து 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. தள்ளிப்போவதில் எனக்குக் குறையே இல்லை, கடினமான வேலை தள்ளிப்போகத்தான் செய்யும். தள்ளிப்போகும் என்று தெரிந்தும் மேடையில் உறுதியாகத் தேதி சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஹோமி பாபா 1955-இல் ஜெனீவாவில் நடந்த அணுசக்தி மாநாட்டில் தலைமை உரை ஆற்றியபோது, இன்னும் இருபது ஆண்டுகளுக்குள் இணைவு சக்தியைக் கட்டுப்பாட்டோடு எடுக்கும் வழி கிடைத்துவிடும் என்று கணித்தார். அவ்வளவு பெரிய அறிவாளி. அப்போது பிளாஸ்மா எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கு நமக்குத் தெரியும்.

விமானத்தையும் முதலில் சிலர் இப்படித்தான் நம்பவில்லை என்று நண்பர் சொல்லக்கூடும். நானும் யோசித்துப் பார்த்தேன். விமானம் பறந்ததை யார் வேண்டுமானாலும் வயலில் நின்று பார்க்க முடிந்தது. இங்கே நாம் பார்ப்பது ஒரு எண்ணை மட்டும், அந்த எண் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்பவர் சொன்னால்தான் உண்டு. இன்னொன்று, இது யாரையும் பாதிக்காத மிகைப்படுத்தல் இல்லை. நிலக்கரியை எப்போது நிறுத்துவது, எதில் முதலீடு செய்வது என்று அரசுகள் இப்போது முடிவெடுத்துக்கொண்டிருக்கின்றன. இன்னும் பத்து வருடத்தில் இணைவு வந்துவிடும், அதுவரை பொறுப்போம் என்று ஓர் அமைச்சர் சொல்வதற்கு இந்தத் தலைப்புகள் வசதி செய்து கொடுக்கின்றன. காற்றாலையும் சூரியத் தகடும் இன்று ஓடிக்கொண்டிருப்பவை, அவற்றுக்கு மீட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்கவே வேண்டாம். அப்புறம் ஆராய்ச்சிக்கூடங்களில் இரவு பகலாக உட்கார்ந்திருக்கும் இளைஞர்களை நினைக்கிறேன். மிகையாகச் சொன்ன தேதி பொய்த்துப்போகும்போது அடி விழுவது அவர்களின் நிதியில்தான். 1989-க்குப் பிறகு அந்தச் சோதனைக் குழாய் இணைவின் பக்கம் போன பலரின் உழைப்பு வீணானது.

நேற்று நண்பருக்குப் பதில் போட்டேன். காணொளியில் உள்ள சாதனையை நான் மறுக்கவில்லை, எனக்கு வேண்டிய செய்தி வேறு என்று எழுதினேன். ஓர் உலையில் எத்தனை கிராம் டிரிட்டியம் எரிந்தது, அதன் லித்தியம் போர்வையிலிருந்து எத்தனை கிராம் திரும்பக் கிடைத்தது என்று வேறொரு நாட்டு ஆய்வகம் தன் தராசில் நிறுத்துச் சொன்ன செய்தி. படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இருக்காது, பழுப்பு நிறக் குழாய்களும் ஓர் அட்டவணையும்தான் இருக்கும். அது வந்தால் அன்றைக்கு நானே உனக்கு போன் செய்வேன், நடுராத்திரி ஆனாலும் எடு என்றேன். சரி என்று மட்டும் பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அந்த 300 மெகாஜூல் கணக்கை மறுபடி ஒருமுறை விளக்கமாக அனுப்பு என்று கேட்டார். அனுப்பியிருக்கிறேன்.